கால்வலி

ஆடிச்சுற்று நடந்தால் கால் வலிக்காது என்று சங்கரன்கோவில் பக்கம் சொல்வார்கள். வலிக்கத்தான் செய்கிறது. ஆடித்தபசுக்குக் கொடியேறிவிட்டால் சங்கரநாராயணர் கோயிலில் 101, 501, 1001 என்று நேர்ந்துகொண்டு சுற்றுகிறவர்கள், அன்றைய கணக்கை முடித்துவிட்டு நிழல் கண்ட இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து கெண்டைச் சதையைப் பிசைந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம். பெரும்பாலும் பெண்கள். எங்கள் ஊரிலிருந்து போகிறவர்கள் முந்தானையில் புளியங்கொட்டை முடிந்துகொண்டு போவார்கள். ஒரு சுற்றுக்கு ஒரு கொட்டை இந்த முடிச்சிலிருந்து அந்த முடிச்சுக்கு மாறும். பாதத்தின் ஓரம் சிவந்திருக்கும், குதிகால் வெடிப்பில் புழுதி ஏறியிருக்கும். "வலிக்கலையா அத்தை?" என்று கேட்டால், "நமக்கு எங்கய்யா வலி? அவாதான் ஒத்தக்கால்ல நிக்காளே, எல்லா வலியும் அவளுக்குப் போயிரும்" என்று பதில் வரும். சொல்லிக்கொண்டே அடுத்த காலைப் பிசைய ஆரம்பிப்பார்கள்.

வழக்கமான நேர்த்திக்கடனுக்கு இது நேர்மாறு. தீ மிதிப்பதிலும் அலகு குத்துவதிலும் ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. நான் வலியைப் பொறுக்கிறேன், நீ கேட்டதைக் கொடு என்கிற கணக்கு அது. இங்கே வலியையே சாமி வாங்கிக்கொள்கிறது. ஏற்கெனவே ஒற்றைக்காலில் தவம் நிற்கிற கோமதி அம்பாளிடம் ஊரே தன் கால்வலியைக் கொண்டுபோய் இறக்கிவைக்கிறது. அவளிடமிருந்து அது வேறு யாருக்கும் போவதில்லை என்பதுதான் இந்த நம்பிக்கையின் உயிர் என்று நினைக்கிறேன்.

தபசுக் கதை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். சங்கன், பதுமன் என்று இரண்டு நாகராஜாக்கள். சங்கனுக்குச் சிவன் பெரியவர், பதுமனுக்குத் திருமால். வாய்ச்சண்டை முற்றி அம்பாளிடம் பஞ்சாயத்துக்குப் போகிறார்கள். ஒரு வார்த்தையில் தீர்ப்பைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. இருவரும் ஒன்றே என்பதைக் கண்ணால் பார்க்கும்படி காட்ட வேண்டும் என்று கேட்டு, புன்னைவனத்துக்கு வந்து தவம் நிற்கிறாள். ஆடி மாதம் உத்திராட நட்சத்திரத்தில் பாதி சிவனாகவும் பாதி திருமாலாகவும் காட்சி கிடைக்கிறது. இன்றும் கோமதி அம்பாள் தபசு மண்டபத்தில் போய்க் காத்திருக்கிறாள். சாயங்காலம் சங்கரநாராயணராகவும் ராத்திரி சங்கரலிங்கமாகவும் சாமி எழுந்தருளிக் காட்சி தருகிறார். 

மேடைகளில் இதைச் சைவ வைணவ ஒற்றுமைக்கான கதையாகச் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் கதையில் எனக்கு உறுத்துகிற இடம் வேறு. சந்தேகம் அவளுடையது இல்லை. சண்டை போட்டது இரண்டு பாம்புகள், கால் கடுக்க நின்றது அவள். அடுத்தவர் தலைக்கனத்துக்கு இவள் ஏன் தவம் நிற்க வேண்டும்? எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதாக நினைவில்லை. ஒருவேளை அவர்களுக்கு அது கேள்வியாகவே படவில்லை.

தபசு எந்த மாதத்தில் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். எங்கள் ஊர் மேலநீலிதநல்லூர், சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகிற சாலையில் இருக்கிறது. ஒன்றியத்துக்குத் தலைமையூர். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரி இருப்பதால் காலையில் பஸ் நிற்கும் இடம் கொஞ்சம் கலகலப்பாக இருக்கும். மற்றபடி சுற்றிலும் மானாவாரிக் கரிசல். 2019-இல் தென்காசி மாவட்டம் தனியாகப் பிரிந்தபோது நாங்களும் குற்றாலமும் ஒரே மாவட்டமானோம். ஆடியில் அங்கே சாரல், அருவியில் தண்ணீர், டூரிஸ்ட் கூட்டம். இங்கே அதே மேகம் தலைக்கு மேல் ஓடுமே தவிர இறங்காது. தென்மேற்குப் பருவத்தின் மழையை மலை வாங்கிக்கொள்கிறது, காற்றை எங்களுக்கு விட்டுவிடுகிறது. தேவர்குளம், வன்னிக்கோனேந்தல் பக்கமெல்லாம் காற்றாலைகள் ராப்பகலாகச் சுற்றும். கீழே நிலம் விரல் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். சித்திரையில் கோடை உழவு போட்டதோடு சரி, புரட்டாசி வரை அதில் செய்ய ஒன்றுமில்லை.

செய்ய ஒன்றுமில்லாத மாதம் கஷ்டமான மாதம். கையில் வேலை இருந்தால் கவலை கொஞ்சம் ஒதுங்கி நிற்கும். பருத்திப் பணம் பங்குனி சித்திரையோடு தீர்ந்திருக்கும். பள்ளிக்கூடமும் கல்லூரியும் திறந்து ஃபீஸ் கட்டி முடித்த கடன் இருக்கும். அடுத்த வெள்ளாமைக்கு விதை வாங்க வேண்டும். இதற்கு நடுவில்தான் எங்கள் ஊர் சாமி தபசு நிற்கிறது. தஞ்சாவூரில் ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் புதுத் தண்ணீர் வருகிற சமயம், கரிசல்காட்டுச் சாமி வெறுங்காற்றில் ஒற்றைக்காலில் நிற்கிறது. சாமியும் தன் ஊர்க்காரர்களைப் போலத்தானே இருக்கும்.

கஷ்டகாலம் மனிதனைப் பக்குவப்படுத்தும் என்று எழுதுகிறவர்களை எனக்கு முழுதாக நம்ப முடிவதில்லை. நான் பார்த்த வரையில் கஷ்டகாலம் முதலில் மனிதனைக் கடுகடுப்பாக்கும். என் சிறுவயதில் ஒரு வருஷம் அப்பா பருத்தியை வண்டியேற்றிக்கொண்டு கமிஷன் கடைக்குப் போனார். ஈரம், சருகு, கழிவு என்று தாட்டுக்கு இவ்வளவு என்று குறைத்துக்கொண்டார்கள். கடையில் அவர் ஒன்றும் பேசவில்லை, பேச முடியாது, முன்பணம் வாங்கியிருந்தார். வீட்டுக்கு வந்ததும் குழம்பில் உப்பு இல்லை என்றார். உப்பு சரியாகத்தான் இருந்தது. அம்மா அதற்குப் பதில் சொல்லவில்லை. விளக்குத் துடைக்கவில்லை என்று அக்காவை வைதாள். அக்கா தம்பியின் முதுகில் ஒன்று வைத்தாள். தம்பி தொழுவத்துக்குப் போய் ஆட்டுக்குட்டியைக் கம்பால் அடித்தான். கமிஷன் கடையில் கிளம்பிய ஒன்று ஒருமணி நேரத்தில் நான்கு பேரைக் கடந்து, திருப்பிக் கொடுக்க வாயில்லாத ஒரு குட்டியிடம் வந்து நின்றது. அது "ம்மே" என்று கத்தியது, அவ்வளவுதான்.

ஆச்சி இதையெல்லாம் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் சுளகு, சுளகில் உளுந்து. கல் பொறுக்குகிற விரல் நிற்கவில்லை. ஆட்டுக்குட்டி கத்தியதும் எழுந்து போய் தம்பியிடமிருந்து கம்பை வாங்கித் தூரப் போட்டாள். அப்புறம் அப்பாவிடம் போனாள். அவர் அவளிடமும் ஏதோ எரிந்து விழுந்தார். அவள் கேட்டுக்கொண்டாள். திரும்பி வந்து பழையபடி சுளகை மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே பார்த்து, "நீ இன்னும் சாப்பிடலையேய்யா" என்றாள். அன்றைக்கு அவளிடம் போய்ச் சேர்ந்தது அவளைத் தாண்டி எங்கும் போகவில்லை. பின்னாளில் ஒருமுறை இதைப்பற்றிக் கேட்டபோது, "வந்த கோவம் நம்மகிட்ட வந்து நிக்கட்டும்ல, அங்கிட்டு எதுக்குப் போகணும்?" என்று மட்டும் சொன்னாள். அவள் பெரிய பக்திக்காரி இல்லை. வெள்ளிக்கிழமை விளக்கு, தபசுக்கு ஒரு நடை, அதோடு சரி.

திருக்குறளில் 27-ஆவது அதிகாரம் தவம். அதன் முதல் குறளே தவத்தின் உருவம் என்று இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறது. தனக்கு நேர்ந்த துன்பத்தைப் பொறுப்பது ஒன்று, பிற உயிருக்குத் துன்பம் செய்யாமலிருப்பது இன்னொன்று. பள்ளிக்கூடத்தில் இவற்றை இரண்டு நல்ல குணங்களாகப் பிரித்துப் படித்து, இரண்டு மதிப்பெண் வாங்கினோம். ஆச்சியின் பேச்சைக் கேட்ட பிறகு எனக்கு அவை ஒன்றாகவே தெரிகின்றன. வந்த துன்பம் ஓர் உயிரில் வந்து நின்றுவிட வேண்டும், அங்கிருந்து அடுத்த உயிருக்கு இறங்கக்கூடாது. பொறுத்தல் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதல்ல. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்த அப்பாவிடமிருந்துதான் அது கிளம்பி ஆட்டுக்குட்டி வரை போனது.

இதே விஷயத்தை ஐரோப்பாவில் ஒரு பெண் தன் தலைவலியில் கண்டுபிடித்திருக்கிறாள். சிமோன் வெய்ல், 1909-இல் பாரிஸில் பிறந்தவள், தத்துவ ஆசிரியை. தொழிலாளியின் உடம்பு என்ன படுகிறது என்று தெரிந்துகொள்வதற்காக 1934-35-இல் ஆசிரியை வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு தொழிற்சாலைகளில் இயந்திரத்தின் முன் நின்றவள். ஆண்டுக்கணக்காக அவளுக்குக் கடும் தலைவலி இருந்தது. அந்த வலி ஏறிய சில தருணங்களில், எதிரே இருப்பவரின் நெற்றியில் தனக்கு வலிக்கிற அதே இடத்தில் அடித்து வலிக்கவைக்க வேண்டும் என்று தீவிரமாகத் தோன்றியதாகத் தன் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறாள். தன் வலியை அடுத்தவருக்குப் பரப்பத் துடிப்பதை அவள் பளுவான பொருள் கீழே விழுவதோடு சேர்த்துப் பார்த்தாள். தானாக நடப்பது அது. நடக்காமல் போனால்தான் அதிசயம், அந்த அதிசயத்துக்குத்தான் அவள் அருள் என்று பெயர் வைத்தாள். அவள் 1943-இல் இங்கிலாந்தில் 34 வயதில் இறந்துபோனாள். அந்தக் குறிப்புகளைத் தொகுத்து 1947-இல் நூலாக்கியவர் குஸ்தாவ் திபோன் என்கிற விவசாயி எழுத்தாளர். 1941-இல் அவர் ஏற்பாட்டில்தான் அவள் தென் பிரான்சின் கிராமத்தில் தங்கித் திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை செய்தாள். வேலை செய்யும்போது ஒரு ஜெபத்தைக் கிரேக்க மொழியில் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருப்பாளாம். நடுவில் கவனம் சிதறினால் மறுபடி முதலிலிருந்து. இதைப் படித்தபோது எனக்குப் புளியங்கொட்டை முடிச்சுதான் ஞாபகத்துக்கு வந்தது. சுற்று எண்ணிக்கை தப்பிவிட்டால் எங்கள் அத்தைமாரும் சந்தேகத்தின் பலனைத் தங்களுக்குக் கொடுத்துக்கொள்வதில்லை, குறைத்து எண்ணிக்கொண்டு கூட நடப்பார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். வலி வந்து நிற்கிற இடமாக எப்போதும் யார் இருக்கிறார்கள்? ஆச்சி, அம்மா, அத்தை, கோமதி அம்பாள். சங்கனும் பதுமனும் சண்டை போடுவார்கள், அவள் நிற்பாள். "பொம்பளைன்னா பூமாதேவி மாதிரி பொறுமை வேணும்" என்கிற பேச்சுக்கும் நான் சொல்வதற்கும் நடுவில் மயிரிழைதான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் குறள் பொறுமையைப் பெண்ணுக்குச் சொல்லவில்லை, தவம் செய்கிற யாருக்கும் சொல்கிறது. அதிலும் பிறர்க்குத் துன்பம் செய்யாதே என்கிற பாதி, துன்பம் செய்யும் பலம் கையில் இருக்கிறவனுக்குத்தான் பொருந்தும். ஆட்டுக்குட்டிக்கு அதைப் போதிக்க முடியாது. எங்கள் வீட்டில் அன்று தவம் நின்றிருக்க வேண்டியவர் அப்பா. அவருக்கும் மேலே, தராசு பிடித்தவர். தாட்டுக்கு அவ்வளவு கழித்தது எந்த நியாயத்தில் என்று கேட்பதைத் தவம் தடுக்காது. கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் விட்டதுதான் வீட்டில் வந்து உப்புக் குறையாக வெடித்தது.

சங்கரன்கோவில் கோயிலில் வலியை மனிதர் மேல் இறக்காமல் வேறெங்காவது இறக்கிவைக்க நிறைய இடம் வைத்திருக்கிறார்கள். பாம்பு, தேள் உருவம் அடித்த சின்னத் தகடுகளை வாங்கி உண்டியலில் போடுவார்கள். விஷப்பூச்சி பயம் போக என்பது காரணம். ஆனால் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறவர்களின் முகத்தைப் பார்த்தால் எல்லோரும் பூச்சியைத்தான் நினைக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. அம்பாள் சன்னிதிக்கு முன்னால் தரையில் சக்கரம் பதித்த இடம் ஒன்று உண்டு. மனசு சரியில்லாதவர்களைக் கூட்டிவந்து அதில் உட்காரவைப்பார்கள். அங்கே ஒரு பையனைப் பார்த்தேன், இருபது வயது இருக்கலாம். சுற்றி அவன் குடும்பம் மொத்தமும் நின்றது. அவன் எதையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா மட்டும் அவன் சட்டைக் காலரை மறுபடி மறுபடி சரிசெய்துகொண்டே இருந்தாள். உட்காரவைக்கட்டும், வேண்டாமென்று சொல்ல மாட்டேன். டாக்டரிடமும் கூட்டிப்போக வேண்டும், மாத்திரையை நிறுத்தக்கூடாது. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள வேண்டியதில்லை, அதற்குத்தான் அந்த ஊர்ச் சாமியே சாட்சி.

பிரசாதம் புற்றுமண். நெற்றியில் பூசுவார்கள், தண்ணீரில் கரைத்துக் குடிப்பார்கள், வீட்டுக்கு எடுத்துப்போய் நிலைப்படியில் வைப்பார்கள். வருஷம் பூராவும் மண்ணோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்குச் சாமி கொடுப்பதும் மண்தான். தபசு அன்று இதற்கு எதிர்முறை நடக்கும். வெள்ளாமையில் வந்த பருத்தி, வத்தல், கம்பு, சோளம், காய்கறி என்று கொண்டுவந்து அம்பாள் வரும்போது சூறை விடுவார்கள். பருத்திப் பஞ்சு ஆடிக்காற்றில் எங்கெங்கோ பறக்கும். வத்தல் கண்ணில் பட்டவர் எரிச்சலில் வைவார், வைதுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார். ஆடியில் காட்டில் ஒன்றும் கிடையாது என்று சொன்னேனே, அப்படியானால் வீசுவது போன வெள்ளாமையிலிருந்து எடுத்துவைத்தது. பஞ்ச வருஷத்திலும் அந்த ஒரு கைப்பிடியை யாரும் விற்றுவிடுவதில்லை. 2020-இல் கொரோனா ஊரடங்கில் தபசுக்கு ஊர் கூட முடியவில்லை. எங்கள் தெரு அத்தை ஒருத்தி வீட்டு முற்றத்து வேப்பமரத்தையே 101 சுற்று சுற்றினாள். "சாமிக்கு இது கணக்குல வருமா அத்தை?" என்று கேட்டதற்கு, "கணக்கு எனக்குத்தாம்ல, அவளுக்கு எதுக்குக் கணக்கு?" என்றாள்.

ஆச்சியை மட்டும் உதாரணம் காட்டினால், பெண்ணைத்தான் பொறுக்கச் சொல்கிறேன் என்கிற குற்றச்சாட்டு என்மேலேயே திரும்பும். அதனால் ஓர் ஆண்பிள்ளையையும் சொல்கிறேன். 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுக்கப் பொய்த்தது. வழக்கமான மழையில் பாதிகூட இல்லை. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்கள் என்று அரசு அறிவித்தது. கரிசலில் புரட்டாசியில் மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் விதைத்துவிடுவது வழக்கம். மழை விழுந்த அன்றைக்கே முளை கிளம்ப வேண்டும் என்பது கணக்கு. வேளாண்மைத் துறையும் இதையே பரிந்துரைக்கிறது. அந்த வருஷம் எங்களுக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் அப்படித்தான் விதைத்தார். ஏதோ பேருக்கு ஒரு தூறல் விழுந்து பயிர் முளைத்தது. பயிரோடு களையும் முளைத்தது. ஆள் விட்டுக் களை எடுத்தார். அதற்கப்புறம் மழையே இல்லை. கண்ணெதிரே செடி கருகியது. களை எடுத்த பெண்களுக்குக் கூலி பாக்கி. அவர்களே வந்து, "இருக்கட்டும் மொதலாளி, அடுத்த வெள்ளாமைல பாத்துக்கிடலாம்" என்றார்களாம். அக்கம்பக்கத்துக் காடுகளில் அப்படித்தான் முடிந்தது. பாதி கொடுத்தார்கள், சிலர் அதுவும் இல்லை.

அண்ணாச்சி முழுக்கூலியும் கொடுத்தார். கேட்டால், "மழை பெய்யாததுக்கு அவளுவளா பொறுப்பு? குனிஞ்சு நிமிந்தது நெசந்தானய்யா" என்றார். ஊரில் அவரைப் பாராட்டினார்கள், சிலர் பிழைக்கத் தெரியாதவர் என்றார்கள். மதினி மட்டும் இரண்டும் சொல்லவில்லை. கூலிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத்தான் தெரியும். அவள் கழுத்துச் சங்கிலி டவுன் அடகுக்கடையில் இருந்தது. "களையெடுத்தவளுக்கு வலிக்கப்படாது, எனக்கு வலிக்கலாமாக்கும்?" என்று நான் இருக்கும்போதே கேட்டாள். அண்ணாச்சியிடம் அதற்குப் பதில் இல்லை. ஓரிடத்தில் தடுத்தால் இன்னோர் இடத்தில் போய் இறங்குகிறது, அதுவும் பழக்கப்பட்ட இடம் பார்த்தே இறங்குகிறது. அவர் அன்று எதிர்த்துப் பேசவில்லை, எழுந்தும் போகவில்லை. அவள் சொல்லி முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தார். "உன் சங்கிலிதான் மொதக்கடன்" என்றார் கடைசியில்.

அடுத்த வருஷம் மழை பரவாயில்லை. மாசியில் முதல் எடுப்புப் பருத்தி விற்ற அன்றைக்கு, வீட்டுக்கு வருவதற்கு முன்னால் நேராக அடகுக்கடைக்குப் போனார். வட்டியோடு கட்டி மீட்டு, காகிதப் பொட்டலத்தோடு மதினி கையில் கொடுத்தார். அவள் பிரித்து, கொக்கி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போட்டுக்கொண்டாள். உரக்கடைக்காரருக்கும் அதே நாளில் பணம் தருவதாகச் சொல்லியிருந்தார். அது அந்த எடுப்பில் முடியவில்லை. உரக்கடைக்காரர் கொஞ்ச நாள் அண்ணாச்சியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.